முதலாளியின் தூண்டில் ராட்டு

சங்கரன்கோவில்காரன் ஒருத்தன் கையில் தூண்டிலைப் பார்த்தால் நம்ம வயசுக்காரங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? 'இவன் எந்தக் குளத்துல கை வைக்கப் போறான்?' என்றுதானே. கடல் கிழக்கே எங்கேயோ கிடக்கிறது. ஆறு என்று காட்ட ஒன்றும் இல்லை. இருக்கிற குளத்தில் மழை பெய்த வருஷம் தண்ணீர். தண்ணீர் கிடந்தால் மீன் குத்தகைக்குப் போய்விடும், கரையில் காவலுக்கு ஆள் உட்கார்ந்துவிடும். ஆகவே நம்ம ஊரில் தூண்டில் வைத்திருக்கிறவன் ஒன்று வேலை இல்லாதவன், இல்லை கை நீளமானவன். அப்படித்தான் பேச்சு.

அப்படிப்பட்ட ஊரில், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் வீட்டுக்குள் ஒரு தூண்டில் ராட்டு வந்தது. ரீல் என்று சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் வாய் வரவில்லை. நூல் சுற்றுகிறது எல்லாம் எங்களுக்கு ராட்டுதான். அது வந்த நாளிலிருந்து வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், ஒரு அடுப்பு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே முதலாளியின் விசைத்தறிச் செட்டில் தறி பழுது பார்க்கிற வேலை. அம்மாவும் சித்தியும் வீட்டில் இருந்தபடியே தார் சுற்றினார்கள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் ஏற்றுவதுதான் தார். முன் அறையில் இரண்டு ராட்டு எதிரும் புதிருமாகக் கிடக்கும். இரண்டு பேரும் சுற்றிக்கொண்டே தெரு முழுக்க உள்ள குடும்பங்களை அலசி உலர்த்திவிடுவார்கள். நூல் அறுந்தால் பேச்சு அறாது. விரல் தானாகப் போய் ஒரு முடிச்சுப் போடும், இடுப்பில் தொங்குகிற சின்னக் கத்தரி இரண்டு நுனியையும் ஒட்ட நறுக்கும், ராட்டு மறுபடி ஓடும். முடிச்சு துருத்திக்கொண்டு நின்றால் தறியில் மாட்டும் அல்லவா, அதனால் ஒட்ட நறுக்குவதில்தான் கெட்டிக்காரத்தனம். அம்மா சொல்வாள், "நான் போட்ட முடிச்சைத் துணியில தேடிக் கண்டுபிடிச்சவன் இன்னும் பொறக்கல."

இன்னொன்றும் சொல்லவேண்டும். சித்தி அப்பாவோடு பேசமாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, முறை அப்படி. கணவனின் அண்ணன் முன்னால் நிற்கக்கூடாது, நேரே ஒரு சொல் பேசக்கூடாது, கையில் கை படக் கொடுக்கக்கூடாது. உங்களில் பல பேர் வீட்டிலும் இது இருந்திருக்கும். பேசவேண்டியது வந்தால் நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

அப்பா பட்டகசாலையில், கூடம் என்பார்களே அதில், உட்கார்ந்திருப்பார். சித்தி கதவுக்குப் பின்னால் நிற்பாள். இடையில் கைக்கெட்டும் தூரம்தான்.

"ஏட்டி, உங்கப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னிடம் சொல்வார், "வேண்டாம்னு சொல்லு."

"நல்ல மோரு, புளிக்கலன்னு சொல்லு."

"வயிறு சரியில்லன்னு சொல்லு."

"அப்போ சீரகத் தண்ணி வச்சுத் தரட்டான்னு கேளு."

"ம்."

அந்த 'ம்' மட்டும்தான் யாரிடம் சொன்னார் என்று தெரியாது. சித்தப்பா சிரித்துக்கொண்டே கடந்து போவார். "மக்கா, நீ ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தேன்னு வையி, இந்த வீட்டுல எங்கண்ணன் பட்டினிதான்."

இந்த வீட்டுக்குள்தான் அந்த ராட்டு வந்தது.

ஒரு சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். சித்தப்பா கையில் ஒரு மஞ்சள் பை. அம்மா பையைத்தான் முதலில் பார்த்தாள். யாரும் எதையும் சும்மா தரமாட்டார்கள் என்பது அம்மாவின் எண்ணம். பை கனத்தால் அந்த எண்ணமும் கனக்கும்.

"யாரு சாமான் இது?"

"மொதலாளியோடது" என்றார் சித்தப்பா. "மீன் பிடிக்கிற ராட்டு. அவங்க தாத்தா கொழும்புல இருந்து கொண்டாந்ததாம். ரிப்பேர் பாத்து, இப்ப உள்ள ராட்டு மாதிரி ஆக்கித் தரணுமாம்."

"அதை எதுக்கு உங்ககிட்டத் தராரு?"

சித்தப்பா முதலாளி மாதிரியே தொப்பையைத் தடவிக்கொண்டு பேசிக் காட்டினார். "'ஏலே, புதுச் செட்டு ஒண்ணு போடப் போறேன். அதுக்கு ஒரு மேஸ்திரி வேணும். ரெண்டு பேரும் சேந்து பாருங்க. எவன் கை வேலை எதுன்னு பாத்தா எனக்குத் தெரியும்.'"

அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பாவும் சொல்லி முடித்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். மேஸ்திரி என்றால் ஒருத்தர்தான். கேட்டு நின்ற அம்மாவும் சித்தியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பார்த்த கண் இரண்டும் அதற்கு முன் எனக்குத் தெரியாத கண்கள்.

ராட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் கை சும்மா இருக்காது. இரண்டு பக்கமும் கறுப்புத் தகடு, நடுவில் பித்தளை உருளை. பழைய தகரப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாடையோடு ஒரு மீன் எண்ணெய் வாடை. உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. கைப்பிடியின் குமிழ் இல்லை. உருளையில் பழைய தூண்டில் நரம்பு கொஞ்சம் மஞ்சளாகச் சுற்றிக் கிடந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி ஒடிந்தது. சுற்றினால் கரகரவென்று மணலை மெல்லுகிற சத்தம்.

அப்பா அம்மாவின் புளி கரைக்கிற பீங்கான் கிண்ணத்தை எடுத்து, சீமெண்ணெய் ஊற்றி, அதில் பல்சக்கரங்களை ஊறப்போட்டார். அம்மா அன்றைக்குப் போட்ட சத்தத்தில் தெருவே வேடிக்கை பார்த்தது. மேஸ்திரி என்ற சொல் நினைவு வந்ததும் சத்தத்தைக் குறைத்து, "இருக்கட்டும், வேற கிண்ணம் வாங்கிக்கிடலாம்" என்றாள்.

கழற்றிய சாமான்களை ஒரு சோற்றுத் தட்டில் வரிசையாக வைத்தார்கள். திருகாணி, வாசர், சின்னப் பல்சக்கரம், பெரிய பல்சக்கரம். கடிகாரக்காரன் பெட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மறுநாள் பார்த்தால் ஒரு சின்னச் சுருள்கம்பியைக் காணோம். ராட்டு சுற்றும்போது டிக் டிக் என்று சத்தம் தருகிற கம்பி அது.

அன்றைக்கு ஆரம்பித்தது. "சித்தி காலையில கூட்டினா" என்றாள் அம்மா என் காதில். "கூட்டினவளுக்குத் தெரியாம எங்க போகும்? அவ என்ன பண்ணுதான்னு கண்ணை வச்சுக்கோ." சேவு ஒரு கை கொடுத்தாள்.

அடுப்படிக்குப் போனால் சித்தி, "உங்கம்மா முந்தியில என்னத்தையோ முடிஞ்சு வச்சிருக்கா. எடுத்துட்டு என் தலையில கட்டப் பாக்கா. என்னன்னு பாத்துச் சொல்லு" என்றாள். அவள் கொடுத்தது கடலை மிட்டாய்.

அம்மா முந்தியில் இருந்தது வெற்றிலைக் காம்பு. சித்தி கூட்டிய குப்பையில் இருந்தது நூல் கழிவு. இரண்டையும் உள்ளபடியே சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. "பிள்ளையைக் கூட வளைச்சுட்டா" என்று அம்மாவும், "ரத்தம் அங்கனதான் இழுக்கும்" என்று சித்தியும் சொன்னார்கள். சேவும் மிட்டாயும் மட்டும் நிற்காமல் வந்தன.

அந்தக் கம்பி கடைசி வரை கிடைக்கவில்லை. நான் என் பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி, அதன் கம்பியைக் கொடுத்தேன். அப்பா அதை வெட்டி, வளைத்துப் போட்டார். டிக் டிக் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூர்மையாக. அன்று முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டோம். அந்த ஒரு நாள் வீட்டில் சந்தேகம் இல்லை.

பழுது பார்ப்பது வேறு, புதுசாக்குவது வேறு. அதில்தான் அண்ணன் தம்பிக்குள் முள் விழுந்தது. அந்தப் பழைய ராட்டில் நரம்பு ஒரே பக்கமாகக் குவியும். பெருவிரலால் தள்ளித் தள்ளிச் சீராக்கவேண்டும். தார் சுற்றுகிற வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சித்தப்பாதான் சொன்னார், "அண்ணே, தார் மெஷின்ல நூலை அங்கயும் இங்கயும் தள்ளுதுல்லா, அதே மாதிரி இதுக்கும் ஒரு இலை வச்சா என்ன?" ஆலிலை போல வெட்டிய தகடு ஒன்று சுற்றினால், அதன்மேல் சாய்ந்திருக்கிற கம்பி தானாக முன்னும் பின்னும் போய்வரும். நினைப்பு சித்தப்பாவுடையது. பித்தளைத் தகட்டை அரத்தால் ராவி ராவி, மயிரிழை பிசகாமல் அந்த இலையைச் செய்தது அப்பா. நரம்பு இறுகினால் அறாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறதற்கு உள்ளே தோல் வாசர் வேண்டும். தறியில் நாடாவை அடித்துத் தள்ளுகிற தோல் பட்டையில் பழசு ஒன்றை எடுத்து, பிளேடால் வட்ட வட்டமாகச் சீவியது சித்தப்பா. குமிழுக்குத் தார்க்குச்சியின் அடிக்கட்டை.

"இலை யாரு யோசனைன்னு மொதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று சித்தி அடுப்படியில் சித்தப்பாவிடம் கேட்டாள்.

"இலை யாரு செஞ்சதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அம்மா மாடிப்படியில் அப்பாவிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா இல்லாதபோது சித்தப்பா ராட்டைத் தொட்டால் அம்மா அந்தப் பக்கம் ஏதாவது வேலையாக வருவாள். சித்தப்பா இல்லாதபோது அப்பா தொட்டால் சித்தி கதவுக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

முதலாளி புது நரம்பு அனுப்பினார். தங்கூசி என்போமே, அந்த நைலான் நரம்பு, வளையம் வளையமாக. அதைச் சிக்கு இல்லாமல் ஏற்றுவது யார் வேலை? நம் வீட்டுப் பெண்கள் வேலைதான். அன்று அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஆண்கள் செட்டில். சித்தி விரல் இரண்டுக்கும் நடுவில் நரம்பை ஓடவிட்டு ஏற்றினாள். நான் கைப்பிடியைச் சுற்றினேன். இலை சுற்ற, கம்பி போய்வர, நரம்பு வரிசை வரிசையாகப் படிந்தது. புதுக் கல்யாணப் புடவை மடிப்பு மாதிரி இருந்தது. பாதி ஏறியதும் சித்தி, "நிறுத்து" என்றாள். விரலில் ஏதோ தட்டியிருக்கிறது. ஒரு இடத்தில் நரம்பு உரசிப் பொசுங்கலாக இருந்தது. கத்தரியால் அந்தத் துண்டை வெட்டி எறிந்தாள். முடிச்சுப் போட்டாள். எச்சில் தொட்டு இழுத்துப் பார்த்தாள். நுனி இரண்டையும் ஒட்ட நறுக்கினாள். "சுத்து" என்றாள்.

அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தார் சுற்றுகிறவள் தான் போட்ட முடிச்சை யாரிடம் போய்ச் சொல்லுவாள்? நாம் மூச்சு விட்டதை யாரிடமாவது சொல்லுகிறோமா? நானும் அதை ஒரு காரியமாகப் பார்க்கவில்லை. அப்படி ஒரு வீடு.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னிடம் ஒரு பிளேடு கேட்டார். கொடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் கார் வந்தது. ராயகிரிப் பக்கம் ஒரு குளம், அவருடைய சேக்காளி குத்தகைக்கு எடுத்தது. அப்பா, சித்தப்பா, தூக்குச்சட்டியோடு நான். குளம் நிறைந்து கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கரையில் இருந்த காவல்காரர் எங்களைக் கண்டு எழுந்தவர், முதலாளியைப் பார்த்த பிறகும் உட்காரவில்லை. அவருடைய தொழில் சந்தேகம்தானே.

முதலாளி ராட்டைக் கையில் வாங்கிச் சுற்றினார். டிக் டிக். கம்பி போய்வருவதை ரசித்துப் பார்த்தார். "இந்த இலை நல்லா இருக்குலே. யாரு மூளை?" என்றார்.

"தம்பிதான்" என்றார் அப்பா.

"செஞ்சது அண்ணன்" என்றார் சித்தப்பா.

இப்போது நினைத்தால், அந்த இரண்டு பதிலிலும் ஒரு குறையும் இல்லை. அங்கேயே எல்லாம் முடிந்து வீடு திரும்பியிருக்கலாம்.

முதலாளி தூண்டிலை வீசினார். வெகு நேரம் ஒன்றும் சிக்கவில்லை. பிறகு நரம்பு விறைத்தது. தோல் வாசர் விட்டுக்கொடுக்க, ராட்டு ஒரு நீள விசில் மாதிரி அலறியது. "கட்லா மொதலாளி! பெரிசு!" என்று டிரைவர் குதித்தார். முதலாளி கால் சறுக்க, சித்தப்பா பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்பா கண் கொட்டாமல் ராட்டையே பார்த்தார். மீன் ஒருமுறை புரண்டது. பித்தளை அண்டாவின் விளிம்பு மாதிரி மின்னியது.

சட்டென்று தூண்டில் கம்பு நிமிர்ந்தது. நரம்பு காற்றில் சுருண்டு கரைக்கு வந்தது.

டிரைவர்தான் நுனியை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து, ஒரு டாக்டர் மாதிரி சொன்னார், "மொதலாளி, அறுந்த நுனின்னா பிஞ்சிருக்கும், இழுபட்டு மெலிஞ்சிருக்கும். இது மழுங்க வெட்டுன நுனி. எனக்கென்ன, கண்ணுல பட்டதைச் சொல்லிட்டேன்."

முதலாளி நுனியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். மறுபடி அப்பாவை. அந்தப் பார்வை இருக்கிறதே, அதை நான் இந்த வயசிலும் வரைந்து காட்டுவேன்.

"யாருன்னு நீங்களே பேசிக்கிடுங்க" என்றார் கடைசியில். "எனக்குத் தெரிய வேண்டாம். புதுச் செட்டுக்கு வெளிய ஆள் பாத்துக்கிடுதேன்." ராட்டை அப்பா கையில் திணித்தார். "வச்சுக்கோ."

வீட்டு வாசல் தாண்டியதும் அப்பா திரும்பினார்.

"முந்தாநாள் சாயங்காலம் பிளேடு எதுக்குலே கேட்ட?"

"வாசர் சீவ."

"வாசர் போட்டு மூடியாச்சு, எத்தனை நாளாச்சு."

"ஒண்ணு தடிப்பா இருந்துச்சு. கழட்டி மறுபடி சீவினேன்."

"என்கிட்டச் சொல்லல."

"வாசர் சீவுனதுக்கெல்லாம் உங்ககிட்ட வந்து சொல்லணுமா அண்ணே?"

"நான் மேஸ்திரி ஆயிரக் கூடாதுன்னு..." அப்பா முடிக்கவில்லை. முடித்திருந்தால் ஒருவேளை சண்டையாகப் போயிருக்கும். முடிக்காமல் விட்டதால் அது வீடு முழுக்கத் தங்கிவிட்டது.

சித்தப்பா கேட்டார், "நான் அறுத்தேன்னு நினைக்கீங்களா?"

"ம்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எனக்கு வேலை கூடியது. சித்தி மட்டும் அல்ல, சித்தப்பாவும் அப்பாவிடம் பேச என்னைக் கூப்பிட்டார். "மக்கா, உங்கப்பாகிட்ட சைக்கிள் பம்பு எங்கன்னு கேளு." சிரிப்பு இல்லை இப்போது. அம்மா சித்தியிடமும், சித்தி அம்மாவிடமும் நேரே பேசவில்லை. இரண்டு ராட்டு எதிரெதிரே ஓடும், வாய் இரண்டும் மூடியிருக்கும். அம்மா சித்தியின் சிரிப்பைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவ சிரிப்புல பல்லு மட்டும்தான் தெரியுது, சிரிப்பைக் காணோம்." அவளே எப்போது கடைசியாகச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன், என்னோடு இத்தனை காலம் வளர்ந்த சந்தேகம். அந்த வாரமே புது மேஸ்திரி வந்துவிட்டார், வெளியூர்க்காரர். வந்தவர் ஒற்றைப் பையோடு தனியாக வரவில்லை. வீடு பிடித்து, பால் காய்ச்சி, மகளை என் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார். வாடகை வீடு அத்தனை சீக்கிரம் கிடைக்கிற தெருவா எங்கள் தெரு? அந்தப் பெண் என்னிடம் சொன்னாள், "தீபாவளிக்கு முன்னாடியே எங்கப்பா சொல்லிட்டாங்க, இங்கன வரப் போறோம்னு." தீபாவளிக்கு முன்னால் அந்த மஞ்சள் பை எங்கள் வீட்டுக்கே வரவில்லை. அப்போது எனக்குக் கணக்குப் புரியவில்லை. பெரியவர்களும் அவளிடம் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தம்பியையும் தம்பிக்கு அண்ணனையும் காவல் போட்டு ஒரு ராட்டைச் சும்மா ரிப்பேர் பார்த்துக்கொண்டாரோ முதலாளி? தெரியாது. அவரும் இல்லை, கேட்கவும் முடியாது.

சித்திக்கு விஷயம் முழுசாகத் தெரியாது. 'யாரோ அறுத்துட்டாங்க' என்பது மட்டும்தான் கதவுக்குப் பின்னால் வந்திருந்தது. ஒரு மத்தியானம் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள், "குளத்துல என்னட்டி நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு." சொன்னேன். டிரைவர் பேசியதைச் சொல்லும்போது அவள் கை ராட்டில் நின்றுவிட்டது.

"மழுங்க வெட்டுன நுனியா?"

"ஆமா சித்தி."

எழுந்து போய் அந்தத் தூண்டில் ராட்டை எடுத்தாள். நுனியைத் தடவினாள். அதில் ஒரு சின்ன வளைவு, முடிச்சு இருந்து கழன்ற தடம். மீதி நரம்பில் கொஞ்சம் வெட்டி, இரண்டாக்கி, முடிச்சுப் போட்டு, ஒட்ட நறுக்கி, தண்ணீரில் நனைத்து, வாசல் ஆணியில் மாட்டி இழுத்தாள். பருத்தி நூலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற முடிச்சு, நைலானில் சோப்புப் போட்ட கை மாதிரி வழுக்கிப் போனது. இரண்டு நுனியும் மழுங்கலாகத் தரையில் விழுந்தன.

சித்தப்பாவிடம் சொன்னாள். அவர், "சொல்லாத. எனக்காகச் சொல்லுதேன்னுதான் சொல்லுவாங்க" என்றார். கேட்காமல் அம்மாவிடம் சொன்னாள். அம்மா போய் அப்பாவிடம் சொன்னாள். கதவு வழியே பதில் கேட்டது: "புருசனைக் காப்பாத்தப் பொண்டாட்டி பழியைத் தூக்குதா."

அம்மாவாவது நம்பியிருக்கலாம். நம்பவில்லை. அதற்குக் காரணம் பகை இல்லை, தொழில். "நம்ம முடிச்சு வழுக்குமாட்டி? எத்தனை வருசம் சுத்துதேன், ஒண்ணு கழண்டது உண்டா? கேக்கிறவ கேனைன்னு நினைச்சுச் சொல்லுதா." விரல் நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததே அவள் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் தகரப் பெட்டி ஒன்றும், துணி மூட்டை ஒன்றும். சித்தியின் ஊர் பனவடலிசத்திரம். அங்கே போவதாக முடிவு. ஆடு வளர்க்கிற வீட்டில் தறி தெரிந்த மருமகன் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா வாசலில் பெட்டி மேல் கை வைத்துத் தெருவைப் பார்த்து நின்றார். அப்பா பட்டகசாலையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து காப்பி குடித்தார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்தாள்.

சித்தி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பட்டகசாலையின் நடுவில், அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"அத்தான்."

அந்தச் சொல்லை அந்த வீட்டுச் சுவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. பாத்திரச் சத்தம் நின்றது.

"நரம்பை முடிஞ்சது நான். பொசுங்கலா இருந்துச்சு, வெட்டி முடிஞ்சேன். அது வழுக்கிருச்சு."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சித்தியை உள்ள போகச் சொல்லு" என்றார்.

"பிள்ளைகிட்டச் சொல்லாதீங்க. என்கிட்டச் சொல்லுங்க."

சித்தி உட்கார்ந்தாள். மடியிலிருந்து இரண்டு துண்டு நரம்பை எடுத்தாள். முடிச்சு, கத்தரி, ஒட்ட நறுக்கல். கண் மூடித் திறக்கிற நேரம். கையில் கொடுக்கக்கூடாது என்பதால் அவர் முன்னால் தரையில் வைத்தாள். "இழுங்க."

அப்பா எடுத்து இழுத்தார். முடிச்சு நின்றது. அப்பா தலையை ஆட்டினார், பார்த்தாயா என்பதுபோல.

"தண்ணியில நனைச்சு இழுங்க. குளத்துல தண்ணிதானே கிடந்துச்சு."

செம்புத் தண்ணீரில் முக்கி, வெடுக்கென்று இழுத்தார். இரண்டு கையும் இரண்டு பக்கம் போயின.

"இன்னொண்ணு" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அவள் போட்டாள். கழன்றது. இன்னொன்று. அதுவும். அதற்குள் அம்மா ஈரக் கையோடு வந்துவிட்டாள். "தள்ளு. அவ கை பதறுது. நான் போடுதேன் பாருங்க" என்று உட்கார்ந்து, தன் முடிச்சைத் தன் வேகத்தில் போட்டு, நறுக்கி, நேரே அப்பா கையில் கொடுத்தாள். அப்பா நனைத்து இழுத்தார். அம்மாவின் முடிச்சும் போயிற்று. அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். யாரோ வேற்று ஆளின் விரலைப் பார்ப்பது மாதிரி.

"நரம்பு சொன்னா நம்புதீங்க" என்றாள் சித்தி. "கூடப் பொறந்தவங்க சொன்னா நம்பலையே அத்தான்."

அப்பா நரம்புத் துண்டுகளைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் பார்த்து, "ஏலே, பெட்டியை உள்ள எடுத்து வையி" என்றார்.

சித்தப்பா திரும்பாமலே சொன்னார், "போணும்னு சொன்னது நான் இல்ல. அவ. அவகிட்டக் கேளுங்க."

அப்பா பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் தயாராக நின்றேன். அவர் உதடு அசைந்தது, "சித்திகிட்ட..." என்று. அங்கேயே நின்றது. சித்தி கண்ணை எடுக்கவில்லை.

அப்பா முகத்தைத் திருப்பி, அந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"உன் புருசன் அறுக்கலம்மா" என்றார். "இரு."

சித்தி எழுந்து தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அது எனக்கு முதல்லயே தெரியும் அத்தான். அவங்ககிட்டச் சொல்லுங்க."

அப்பா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை.